ராயக்கோட்டை மலைக்கோட்டை: ஏறப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு ராயக்கோட்டைப் பக்கத்து ஊர். சிறு வயதிலிருந்து இந்த மலையில் ஏறி வருகிறேன். அது தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள் எனப் பலரும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் வழியைப் பற்றியவை, மீதி வரலாற்றைப் பற்றியவை. வழிக்கான பதிலை மட்டும் படித்துவிட்டு ஏறுகிறவர்கள் மேலே போய் ஏமாந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முழுவதையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

"ராயக்கோட்டைக்கு எப்படி வருவது?"

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து தர்மபுரி போகும் சாலையில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து 25 முதல் 30 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவு, தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மூன்று ஊர்களிலிருந்தும் பஸ் உண்டு. சேலம், தர்மபுரி, ஓசூர், பெங்களூர் ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் நிற்கும் வண்டிகள் குறைவு என்பதால் பஸ்ஸை நம்பி வருவதே நல்லது.

ஊருக்கு வந்துவிட்டால் வழி கேட்க வேண்டியதில்லை. தக்காளி மண்டிக்குப் பேர்போன ஊர் இது. லாரிகளுக்கும் கூடைகளுக்கும் மேலே, எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். "துர்க்கத்துக்குப் போகிற படி எங்கே?" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். துர்க்கம் என்றால் மலைக்கோட்டை.

"டிக்கெட் எவ்வளவு? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?"

நான் ஏறிய நாட்களில் யாரும் டிக்கெட் கேட்டதில்லை. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். சாதாரணமாக ஏறிப் பார்க்க அனுமதிக் கடிதம் தேவையில்லை. காலையில் சூரியன் எழுந்த பிறகு ஏறி, மறைவதற்கு முன் இறங்கிவிட வேண்டும் என்பது விதி.

மேலே கடை இல்லை, கழிப்பறை இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. ஒருவருக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டியைப் பஸ் நிலையம் அருகிலேயே முடித்துவிடுங்கள்.

"ஏற எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்பக் கடினமா?"

நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். தொடக்கத்தில் படிகள் இருக்கும். பிறகு படி, பாறைச் சரிவு, மண் வழி என்று மாறி மாறி வரும். சில இடங்களில் புதர் வழியை மூடியிருக்கும். பாறையில் பிடிப்புள்ள காலணி அவசியம். ரப்பர் செருப்போடு ஏறி, இறங்கும்போது கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். வெயில் ஏறிய பாறையில் வெறுங்காலோடு இறங்குவது பெரிய அவதி.

"என் அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. அழைத்து வரலாமா?"

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும். முழு உயரத்துக்கும் அழைத்துப் போக நான் சொல்லமாட்டேன். கீழ்ப்பகுதியில் மதில்களும் வாசல்களும் இருக்கும் இடம் வரை மெதுவாக ஏறி, நிழலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கிருந்தே சமவெளி விரிவது நன்றாகத் தெரியும். கைத்தடி ஒன்று கொடுங்கள். அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உச்சிக்குப் போக வேண்டாம்.

"எந்த மாதம் வந்தால் நல்லது?"

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. காலையில் பனிமூட்டம் இருக்கும், எட்டு மணிக்கு மேல் விலகும். மார்ச் முதல் மே வரை பாறை அடுப்புக்கல்லாகிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் மலை பசுமையாக அழகாக இருந்தாலும் பாசி பிடித்த பாறை வழுக்கும். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள்.

ஓசூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேழ்வரகு விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகக் காடுகளிலிருந்து சானமாவு, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். அந்தச் சாலைகளை இருட்டில் கடக்க வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். யானை சாலையில் நின்றால் ஒலிப்பானை அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், வண்டியைத் தள்ளி நிறுத்திக் காத்திருங்கள்.

"பாம்பு, தேனீ, குரங்கு இருக்குமா?"

மூன்றும் உண்டு. மூன்றில் ஆபத்து அதிகம் மலைத்தேனீதான். பாறை விளிம்புகளிலும் பழைய சுவர்களின் அடியிலும் அடை கட்டியிருக்கும். புகை போடாதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள், கல் எறியாதீர்கள், வாசனைத் தைலம் பூசி ஏறாதீர்கள். பாம்புக்கு, கல் இடுக்கில் கை விடாமல், புதரில் கால் வைக்குமுன் தடியால் தட்டிப் பார்த்தால் போதும். குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

"இது திப்பு சுல்தான் கட்டிய கோட்டைதானே?"

எங்கள் பக்கத்தில் எந்த இடிந்த சுவரைக் காட்டினாலும் "திப்பு கோட்டை" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்த வட்டாரத்து மலைக்கோட்டைகள் திப்புவுக்கு மிக முந்தியவை. ராயக்கோட்டை என்ற பெயரே ராயர்களை நினைவுபடுத்துகிறது. விஜயநகரம் தளர்ந்த காலத்தில் அதன் தலைநகராக இருந்த பெனுகொண்டாவைக் காத்துக் கொடுத்ததற்காக ஜெகதேவராயர் பாராமகால் பகுதியைப் பெற்றார். கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே உள்ள ஜெகதேவி அவர் பெயரில் நிற்கிறது. பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு.

அதன் பிறகு மராத்தியர், மைசூர் உடையார், கடப்பை நவாப் எனப் பல கைகள் மாறி, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த நாடு ஹைதர் அலியின் கைக்கு வந்தது. ஹைதரும் அவர் மகன் திப்புவும் பீரங்கிப் போருக்கு ஏற்றபடி இந்தக் கோட்டைகளைப் பலப்படுத்திப் படை நிறுத்தினார்கள். ஆகவே நீங்கள் பார்ப்பது ஒருவர் கட்டிய கட்டடமாக இருக்காது. ஒரே சுவரில் கீழே சுண்ணாம்பில்லாமல் அடுக்கிய பெருங்கல்லும், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் இருந்தால், இரண்டு காலத்துக் கைகள் அங்கே வேலை செய்திருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். நான் மணிக்கணக்கில் நின்று பார்ப்பது அந்த இணைப்புகளைத்தான்.

"இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் எதற்குக் கோட்டை கட்டினார்கள்?"

இன்றைக்குத்தான் இது ஒதுக்குப்புறம். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். கீழே பாராமகால் சமவெளி, மேலே பாலாகாட் என்ற மைசூர் மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே ஏறும் விளிம்பில் நிற்கிறது ராயக்கோட்டை. பாலக்கோடு வழியாக மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாய்ப் பாதை இதன் காலடியில் போகிறது. படையோ, அரிசி மூட்டை சுமந்த காளைகளோ, எது மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் இந்தப் பாறையில் நிற்பவன் கண்ணில் படாமல் போக முடியாது.

இங்கே அரண்மனை தேடாதீர்கள், சிற்பமும் தேடாதீர்கள். இது எல்லைக் காவல். அரசன் குடியிருக்க எழுப்பியது அரண்மனை. இங்கே குடியிருந்தவர்கள் மாதச் சம்பளச் சிப்பாய்கள். பகலும் இரவும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்கள் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு சுவரும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

"மேலே வெறும் கல்லும் புதரும்தான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்க என்னதான் இருக்கிறது?"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கும். அதனால் நீளமாகவே பதில் சொல்கிறேன். முதலில் மதிலைப் பாருங்கள். அது மலையைச் சுற்றி ஒரே கனத்தில் ஓடாது. பாறை செங்குத்தாக இறங்கும் இடத்தில் மதில் மெலிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, அங்கே பாறையே காவல். சரிவு சாய்ந்து, ஆள் ஏறக்கூடிய இடத்தில் மதில் தடித்து, கொத்தளம் முன்னால் பிதுங்கும். எதிரி எந்த வழியாக வருவான் என்று கட்டியவர்கள் பயந்தார்கள் என்பதை அந்தக் கனமே சொல்லிவிடும்.

அடுத்தது வாசல். மலைக்கோட்டை வாசல்கள் பாதைக்கு நேரே திறப்பதில்லை. வழி சட்டென்று திரும்பும், திரும்பிய இடத்தில் வாசல் இருக்கும். யானையோ மரத்தூணைச் சுமந்த ஆட்களோ ஓடிவந்து மோத இடம் கிடைக்காது. திரும்பும் இடத்தில் வருகிறவனின் பக்கவாட்டு உடல் மேலே நிற்பவனின் துப்பாக்கிக்கு நேராக இருக்கும். வாசலுக்குள் நுழையும்போது ஒரு நிமிடம் நின்று, மேலே எங்கிருந்து உங்களைச் சுட முடியும் என்று தேடிப் பாருங்கள். துளைகள் கண்ணில் படும்.

மூன்றாவது, கூரை விழுந்த கட்டடங்கள். எது எதற்கு என்று எழுதிய பலகை எதிர்பார்க்காதீர்கள், நீங்களே ஊகிக்கப் பழக வேண்டும். குடியிருப்பிலிருந்து விலகி, தடித்த சுவரும் குறைந்த திறப்புமாக ஒன்று இருந்தால், வெடிமருந்தோ தானியமோ வைத்த கிடங்காக இருக்க வாய்ப்பு அதிகம். காற்று வந்து போகும்படி, ஊரையும் பாதையையும் பார்க்க நிற்பது கோட்டைத் தலைவனான கில்லேதாருக்கோ காவலுக்கோ உரியதாக இருக்கலாம். தவறாக ஊகித்தாலும் பரவாயில்லை. அப்படி ஊகித்துக்கொண்டே நடந்தவர்கள் யாரும் "வெறும் கல்" என்று என்னிடம் வந்து சொன்னதில்லை.

"அத்தனை பேர் மேலே இருந்தால் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? சுனையில் குளிக்கலாமா?"

மழைநீர்தான். பாறைமேல் விழும் நீர் மண்ணில் இறங்காமல் வழிந்தோடும். அது போய்ச் சேரும் பள்ளத்தைத் தோண்டி, கரை கட்டி, சுனையாக்கினார்கள். மலைக்கோட்டையின் உயிர் சுனையில் இருந்தது. தானியம் ஆறு மாதம் தாங்கும், தண்ணீர் வற்றினால் அந்த வாரமே கதவைத் திறக்க வேண்டியதுதான்.

குளிக்காதீர்கள். ஓரம் பாசியாக இருக்கும், ஆழம் வெளியிலிருந்து தெரியாது, உள்ளே விழுந்தால் ஏறப் பிடிமானம் இருக்காது. மேலே உதவிக்கு ஆளும் இருக்கமாட்டார்கள். அந்த நீரைக் குடிக்கவும் வேண்டாம்.

"இவ்வளவு பலமான கோட்டை என்கிறீர்கள். பிறகு எப்படி ஆங்கிலேயரிடம் விழுந்தது?"

திப்புவோடு நடந்த போரில், 1791 மே மாதம் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், பஞ்சத்தால் திரும்பினார். காளைகள் செத்து விழுந்தன, அரிசி தீர்ந்தது, இழுக்க மாடில்லாமல் தன் பெரிய பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்தார். அவருக்கு அப்போது தேவைப்பட்டது கிழக்கே தமிழகப் பக்கத்துச் சமவெளியிலிருந்து தானியம் மேலே ஏறிவரும் பாதை. அந்தப் பாதையை எங்கள் மலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஜூலையில் ஓசூர் அவர் கைக்கு வந்தது. உடனே மேஜர் கௌடி ராயக்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். கீழ்க்கோட்டையை அவர் படை தாக்கிப் பிடித்தது. மேல்கோட்டை அப்படி விழவில்லை. கார்ன்வாலிஸின் பெரிய படையும் நெருங்கி வந்த பிறகு கில்லேதார் உடன்பட்டுக் கோட்டையை ஒப்படைத்தார். மதில் இடிந்து விழுந்த கதை இல்லை இது. உதவிக்குப் படை வராது என்று தெரிந்த நிலையில், உள்ளே இருந்தவர்களின் மனம் எடுத்த முடிவு.

அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஆங்கிலேயப் படையின் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் தாக்கிக் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார். ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேல்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று அவர் வீரர்கள் துரத்தி ஏறினார்கள். வாசல் அடைபட்டது. மேலிருந்து பாறைகளை உருட்டினார்கள், ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள். மேக்ஸ்வெல் திரும்பிப் போனார். கிருஷ்ணகிரிக் கோட்டை போரில் விழாமல், திப்பு ஆங்கிலேயரோடு செய்த 1792 ஒப்பந்தத்தின் காகிதத்தில்தான் கைமாறியது. ஒரே வட்டாரம், ஒரே ஆண்டு, ஒரே மாதிரியான பாறை. இரண்டையும் ஏறிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு காலிலேயே புரியும்.

"1792-இல் போர் முடிந்துவிட்டதே, அதற்குப் பிறகு கோட்டை சும்மா கிடந்ததா?"

இல்லை. அப்போதுதான் இது நிஜமான எல்லையானது. ஒப்பந்தப்படி பாராமகால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ இருந்தார். மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி திப்புவிடமே இருந்தது. ராயக்கோட்டை கம்பெனியின் கடைசிக் காவலானது. மைசூரைக் காக்க நின்ற அதே மதிலில், மைசூரைக் கண்காணிக்கும் சிப்பாய்கள் ஏழு ஆண்டுகள் நின்றார்கள். கீழ் நோக்கிப் பார்த்த கோட்டை மேல் நோக்கித் திரும்பியது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

1799-இல் ஆங்கிலேய ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி, ஆம்பூர் வழியாகப் பாராமகாலைக் கடந்து, ராயக்கோட்டைப் பக்கமாகவே மைசூர் நாட்டுக்குள் ஏறியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போரில் இறந்தார். அன்றோடு இந்த எல்லைக்கு வேலை இல்லாமல் போனது. எல்லை போனால் எல்லைக் காவலை யார் பழுது பார்ப்பார்கள்? இன்றைக்கு நீங்கள் பார்க்கும் சிதைவில் பெரும்பங்கு பீரங்கி செய்ததல்ல. மழையும், மதிலில் வேர்விட்ட ஆலும் அரசும், கல்லைப் பெயர்த்தெடுத்த கைகளும் செய்தவை.

"இங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே? என் தாத்தா பார்த்திருக்கிறார்."

தாத்தா பார்த்தது ஏதாவது நிலவறையாகவோ, பாறைக் குகையாகவோ, மண் மூடிய திட்டிவாசல் என்ற சிறு வாசலாகவோ இருந்திருக்கும். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காடுகளையும் ஆறுகளையும் தாண்டிக் காவிரித் தீவில் இருக்கிறது. இந்த மலை ஒரே கருங்கல். அதில் ஒரு சுனையை ஆழப்படுத்தவே எத்தனை உளி மழுங்கியிருக்கும்! அப்படி ஒரு வழி இருந்திருந்தால், 1791-இல் கில்லேதார் உதவிக்கு ஆளில்லாமல் கோட்டையை ஒப்படைத்திருக்க வேண்டியதில்லை. இருட்டான துவாரம் எதிலும் நுழையாதீர்கள். தேனீயும் பாம்பும் பற்றி முன்பே சொன்னது அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

"புதையல் எடுத்தவர்கள் உண்டா?"

எடுக்கப் போய் இடித்தவர்கள் உண்டு. மதில் அடியில் புதிதாகத் தோண்டிய குழியை நானே ஒரு விடியலில் பார்த்தேன். பக்கத்தில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கிடந்தன. அடுத்த மழையில் அந்தச் சுவர் நான்கடி நீளத்துக்குச் சரிந்தது. நூற்றாண்டுகள் நின்ற சுவர் அது. அன்றைக்கு அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தம் பேசி ஒப்படைத்த கோட்டை இது. படை கட்டுப்பாடாக உள்ளே நுழைந்தது, அதன்பின் ஆண்டுக்கணக்கில் கம்பெனிச் சிப்பாய்கள் இங்கேயே குடியிருந்தார்கள். உங்களுக்காகப் பானையில் தங்கத்தை விட்டுப் போயிருப்பார்களா? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாறையில் பெயர் எழுதுவதும் சேதம்தான். பழைய காசோ பீரங்கிக் குண்டோ தற்செயலாகக் கண்ணில் பட்டால் எடுக்காமல், படம் பிடித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.

"ட்ரோன் பறக்கவிடலாமா? திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு நடத்தலாமா?"

கைபேசியிலும் சாதாரண கேமராவிலும் படம் எடுக்கத் தடையில்லை. ட்ரோன், முக்காலி, விளக்கு, உடைமாற்றுக் கூடாரம் என்று வந்தால் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வேண்டும். மதில் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். பிடிப்பில்லாத கல் உங்கள் எடைக்குக் காத்திருக்கிறது.

"சூரிய உதயம் பார்க்க முந்தின இரவே மேலே தங்கலாமா?"

கூடாது. விதி டிக்கெட் பற்றிய பதிலிலேயே இருக்கிறது.

"நான் ஆசிரியை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்து வரலாமா?"

வாருங்கள் அம்மா. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், சுனைப் பக்கம் யாரும் தனியாகப் போகக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் போதும். ஒரே ஒரு வாசலைக் காட்டி, "நீங்கள் காவல்காரர் என்றால் எங்கே நிற்பீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களே கோட்டையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

"ஒரே நாளில் கிருஷ்ணகிரிக் கோட்டையையும் பார்த்துவிடலாமா?"

இளவயதினருக்கு முடியும். ராயக்கோட்டையைக் காலை ஆறரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் முடித்து, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வெயிலைக் கழித்து, மூன்றரை மணிக்குக் கோட்டை ஏறலாம். நான் இரண்டு நாளாகப் பிரிக்கத்தான் சொல்வேன். மேக்ஸ்வெல் திரும்பிப் போன சரிவைக் களைத்த காலோடு பார்த்தால் அதுவும் ஒரு மலை என்றுதான் தோன்றும். அங்கே சையத் பாஷா தர்கா இருக்கிறது. வழிபட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளுங்கள்.

"உச்சிக்குப் போனதும் முதலில் எங்கே நிற்க வேண்டும்?"

கிழக்கு விளிம்பில், மதிலுக்கு ஒரு எட்டு உள்ளே. எதிரே கிருஷ்ணகிரிப் பக்கம், குண்டு குண்டாகப் பாறை மலைகள் நிற்கும். அவற்றில் பலவற்றின் தலையில் இதைப் போல ஒரு மதில் உண்டு. பிறகு தெற்கே திரும்பினால் பாலக்கோட்டுப் பாதை, இப்போது தக்காளி லாரிகள் ஏறிவரும் சாலை. கடைசியாக வடமேற்கே திரும்புங்கள். அந்தப் பக்கம் நிலம் கீழே இறங்காமல் மெல்ல உயர்ந்துகொண்டே ஓசூருக்குப் போகும். 1792-க்குப் பிறகு காவல்காரர்கள் கண் வைத்திருந்தது அந்தத் திசையில்.